“இங்கே இருட்டாக இருக்கிறதே” என்றால் என்ன அர்த்தம்?

கேள்வி:

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி. எருசலேமில் ஒரு வீட்டில் தங்கி, 84 வயதுப் பாட்டி ஒருவரைப் பார்த்துக்கொள்கிறேன். வந்து நான்கு மாதம் ஆகிறது. மிகவும் ஆசாரமான யூதக் குடும்பம். சாவ்தா (பாட்டியை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) என்னிடம் பாசமாகத்தான் இருக்கிறார். ஆனால் வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் எனக்குத் தலைகால் புரிவதில்லை. “இங்கே இருட்டாக இருக்கிறதே” என்பார். விளக்கைப் போடு என்று மட்டும் சொல்ல மாட்டார். ஒரு சனிக்கிழமை கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து டீ கொடுத்தேன், தொடவே இல்லை. வாரநாளில் நான் அடுப்பு பற்றவைத்துச் செய்த சூப்பை அவருடைய மகன் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். ஒரு பண்டிகை இரவில் திராட்சை மதுவை நான் கிளாஸில் ஊற்றினேன். என் கண் முன்னாலேயே சிங்கில் கொட்டினார்கள். என் பாட்டி காலத்தில் எங்கள் ஊர் டீக்கடையில் எங்களுக்குத் தனி கிளாஸ் இருந்ததாம். அதே கதைதானா இதுவும்?

இன்னொன்று. இரண்டு வாரம் முன்பு சனிக்கிழமை காலையில் சாவ்தா பாத்ரூமில் விழுந்துவிட்டார். சபாத்தில் (அவர்களுடைய ஓய்வு நாள்) போனைத் தொடக் கூடாதோ என்று பயந்து, மகன் ஜெப ஆலயத்திலிருந்து வரும்வரை இருபது நிமிடம் அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, எலும்பு எதுவும் முறியவில்லை. நான் செய்தது சரியா? கடைசியாக, இந்த வீட்டில் நான் ஒரு மீன் குழம்பு வைத்துச் சாப்பிட வழி உண்டா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப்போவதில்லை. பாத்ரூமில் விழுந்த விஷயத்தை முதலில் பேசிவிடுவோம்.

அந்த இருபது நிமிடம் நீங்கள் காத்திருந்தது தவறு. யாரும் சொல்லித்தராததால் வந்த தவறு, உங்கள் மேல் பழி இல்லை. ஆனால் இன்னொரு முறை நடக்கக் கூடாது.

நான் ரபி (யூத மத குரு) இல்லை, நர்ஸ். உங்களைப் போல எருசலேமிலும் பினே ப்ராக்கிலும் வயதானவர்களைப் பார்த்துக்கொண்டு பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு, இப்போது இந்த வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். சமையலறை, கோஷர் (எதை எப்படிச் சாப்பிடலாம் என்ற யூத உணவு விதி) விஷயங்களில் நான் சொல்வதை அந்த வீட்டார் மாற்றிச் சொன்னால் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யார் சொன்னாலும் மாறாதீர்கள்.

யூதச் சட்டத்தில், உயிருக்கு ஆபத்து என்று வந்துவிட்டால் சபாத் ஒதுங்கி நிற்கும். ஆபத்து உறுதியாகத் தெரிய வேண்டியதுகூட இல்லை, சந்தேகம் போதும். பிக்குவாஹ் நெஃபெஷ் என்பார்கள். இந்த வார்த்தையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த வார்த்தை. ‘இவைகளின்படி செய்கிறவன் இவைகளால் பிழைப்பான்’ என்ற பொருளில் லேவியராகமம் 18:5 வருகிறதே, நீங்களும் படித்திருப்பீர்கள். அதை வைத்து, தல்மூத் என்ற பழைய யூதச் சட்ட விளக்க நூல் சொல்கிறது: பிழைப்பதற்காகக் கொடுத்த கட்டளை, சாவதற்காக அல்ல. எருசலேம் தல்மூத் இன்னும் கடுமையாகப் பேசும். அப்படிப்பட்ட நேரத்தில் செய்யலாமா என்று கேட்டுக்கொண்டு நிற்பவன் ரத்தம் சிந்துகிறவன். அந்தக் கேள்வி வந்து சேர்கிற ரபிக்கும் அவமானம். ஏன் அவருக்கு அவமானம்? ஜனங்களுக்கு முன்னாலேயே சொல்லிக்கொடுக்காமல் விட்டாரே, அதற்காக. உங்களுக்கு முதல் வாரமே சொல்லியிருக்க வேண்டியவர் அந்த மகன்.

இன்னொரு சங்கதி கேளுங்கள். ஆபத்து நேரத்தில் வேலையை யூதரல்லாதவர் தலையில் கட்டக் கூடாது என்பதுதான் சட்டம். ஷுல்ஹான் அரூக் என்று ஒரு சட்டத் தொகுப்பு. யோசேப் காரோ எழுதி 1565இல் வெனிஸில் அச்சானது. இன்றைக்கும் ஆசாரமான யூத வீடு முழுக்க அதை வைத்துத்தான் நடக்கிறது. சபாத்தில் உயிரைக் காக்கும் வேலையை வளர்ந்த யூதர்களே செய்ய வேண்டும் என்கிறது அது. ஆகவே மகன் பக்கத்தில் இருந்திருந்தால் அவரே போனை எடுத்திருப்பார், ஆம்புலன்ஸில் ஏறியிருப்பார். அவர் இல்லாத இடத்தில் நீங்கள் இருந்தீர்கள், அவ்வளவுதான். எண் 101. தலையில் அடிபட்டால், அதுவும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் அழையுங்கள். நெஞ்சு வலி, வாய் கோணுவது, பேச்சுக் குழறல், ஒரு கை தூக்க முடியாமல் போவது, மூச்சுத் திணறல், எழுப்பினால் எழாத தூக்கம், இவை எதற்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். உங்கள் போனை வெள்ளிக்கிழமை மதியமே சார்ஜ் போட்டு வையுங்கள். வீட்டு முகவரியை எபிரேயத்தில் எப்படிச் சொல்வது என்று நாலு முறை சொல்லிப் பழகுங்கள். மருந்துப் பட்டியலை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

சரி, இனி இருட்டுக்கு வருவோம்.

எருசலேமில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சங்கு ஊதுகிறதல்லவா? சூரியன் மறைய 40 நிமிடம் இருக்கும்போது அங்கே மெழுகுவத்தி ஏற்றுவது வழக்கம். (மற்ற ஊர்களில் பெரும்பாலும் 18 நிமிடம், எருசலேம்காரர்கள் எப்போதும் ஒரு படி மேலே.) அதிலிருந்து சனிக்கிழமை ராத்திரி நட்சத்திரம் தெரியும்வரை 39 வகையான வேலைகள் யூதருக்கு விலக்கு, அதாவது செய்யக் கூடாதவை. பழைய காலத்தில் வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடாரம் கட்டத் தேவைப்பட்ட வேலைகள் எவையோ அவையே இவை என்று கணக்கு: விதைப்பது, அறுப்பது, அரைப்பது, பிசைவது, சமைப்பது, துணியை வெளுப்பது, இரண்டு எழுத்து எழுதுவது, அழிப்பது, தீ மூட்டுவது, அணைப்பது இப்படி. வேலை என்றவுடன் நாம் உடம்பு வலிக்கும் பாரத்தை நினைக்கிறோம். அவர்கள் கணக்கு அது இல்லை. வீட்டுக்குள்ளே ஒரு மேஜையை நகர்த்தலாம், ஆனால் ஒரு சுவிட்சைத் தட்டக் கூடாது. உங்களுக்கு விசித்திரமாகப் பட்டது இதனால்தான்.

இந்த விலக்கு யூதருக்குத்தான், உங்களுக்கு இல்லை. நீங்கள் உங்கள் அறையில் விளக்குப் போடலாம், போன் பேசலாம், ஊருக்கு வீடியோவில் பேசலாம். பின்னே ஏன் சாவ்தா உங்களிடம் நேரே சொல்லவில்லை? தான் செய்யக் கூடாததை யூதரல்லாதவரை விட்டுச் செய்யச் சொல்வதும் கூடாது என்று ரபிகள் அன்றே வேலி போட்டுவிட்டார்கள். ஓய்வு நாள் ஆள் வைத்து வேலை வாங்கும் நாளாக ஆகிவிடக் கூடாது என்பது எண்ணம். இதைக் கேட்டதும் எனக்கு அந்தச் சட்டத்தின் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் கட்டளையாகச் சொல்லாமல், உள்ள நிலைமையை மட்டும் சொல்கிற பழக்கம் வந்தது. “இருட்டாக இருக்கிறதே.” “குளிருகிறதே.” நம் வீட்டுப் பெரியவர்கள் மருமகளிடம் “இன்னிக்கு என்னமோ பசிக்குது” என்பார்களே, அந்தப் பேச்சு.

ஆனால் விளக்கும் குளிரும் ஒன்றல்ல. இது நிறையப் பேருக்குத் தெரியாது, வீட்டாரில் சிலருக்கே தெரியாது.

குளிர் விஷயத்தில் சட்டம் தாராளமானது. குளிருக்கு முன்னால் எல்லாரும் நோயாளிகளே என்பது ஷுல்ஹான் அரூக் வாக்கு. எருசலேம் மலைமேல் இருக்கும் ஊர், ஜனவரிக் குளிர் எலும்புக்குள் போகும். நடுங்கும் ஒருவருக்காக யூதரல்லாதவர் ஹீட்டர் போடலாம், நேராகவே கேட்டும் போடச் சொல்லலாம். தாங்க முடியாத வெயிலுக்கு ஏசி போடுவதையும் பல ரபிகள் இதே வழியில் அனுமதிக்கிறார்கள். ஆகவே சாவ்தா “குளிருகிறதே” என்றால் யோசிக்காமல் எழுந்து போய்ப் போடுங்கள்.

விளக்குக்கு வேறு கணக்கு. உங்களுக்காக நீங்கள் போட்ட விளக்கின் வெளிச்சத்தில் அவர் உட்காரலாம். அவருக்காகப் போட்டால் அவர் உட்காரக் கூடாது. இது இரண்டாயிரம் வருடப் பழைய பேச்சு. ரப்பான் கமாலியேல் என்ற அந்தக் காலத்து யூதத் தலைவரும் மூப்பர்களும் கப்பலில் வந்து சேர்ந்தபோது யூதரல்லாத ஒருவர் தான் இறங்குவதற்காகப் படிப்பலகை போட்டாராம். அதே பலகையில் அவர்களும் இறங்கினார்கள் என்று மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பில் இருக்கிறது. ஆகவே மாத்திரை எடுத்துக்கொடுக்க, படுக்கை விரிக்க, தரையில் சிந்தியதைத் துடைக்க உங்களுக்கு வெளிச்சம் வேண்டும்தானே? வேண்டும் என்றால் போடுங்கள். போட்ட பிறகு, “எனக்குத் தேவைப்பட்டது, சாவ்தா” என்று ஒரு வார்த்தை சொன்னால் அவருக்கு நிம்மதியாக இருக்கும். அது வெறும் சாக்கு என்று நினைக்காதீர்கள். மங்கலான அறையில் 84 வயதுக்காரரைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போவது உங்கள் வேலை. அந்த வெளிச்சம் நிஜமாகவே உங்களுக்குத் தேவை.

இதற்கெல்லாம் மேலே ஒரு கேள்வி இருக்கிறது: சாவ்தா சட்டப்படி வயதானவர் மட்டுமா, நோயாளியா? உயிருக்கு ஆபத்து இல்லாவிட்டாலும், படுக்கையில் விழுந்தவருக்கும் உடம்பு முழுக்கத் தளர்ந்தவருக்கும் தேவையானதை யூதரல்லாதவர் செய்யலாம், செய்யச் சொல்லி வாய்விட்டுக் கேட்கவும் செய்யலாம். அப்போது ஜாடையெல்லாம் தேவையே இல்லை. சர்க்கரை பார்க்கும் கருவி, வெந்நீரில் உடம்பு துடைப்பது, களிம்பு தடவுவது, கட்டிலின் பொத்தான், எல்லாம் அதில் அடங்கும். தலைவலி மாதிரி சின்ன உபாதைக்குச் சபாத்தில் மாத்திரை போட மாட்டார்கள், தெரியுமா? மருந்து அரைக்கப் போய்விடுவார்களோ என்ற பழைய பயம். தினமும் சாப்பிடுகிற பிரஷர் மாத்திரையை அதற்காக நிறுத்தினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வீட்டில் ஒரு தாத்தா அப்படித்தான் சனிக்கிழமை தோறும் மாத்திரையைத் தட்டில் விட்டுவிட்டுப் போவார். மகளிடம் சொன்னேன், அவர் ரபியிடம் கேட்டார், அடுத்த வாரமே தாத்தா சமத்தாக விழுங்கினார்.

இதனால் உங்களுக்கு என் யோசனை: இந்த வாரமே மகனிடம், “சாவ்தா நோயாளிக் கணக்கில் வருகிறாரா என்று உங்கள் ரபியிடம் ஒரு முறை கேட்டு, நான் சபாத்தில் என்னென்ன செய்யலாம் என்று ஒரு தாளில் எழுதித் தாருங்கள்” என்று கேளுங்கள். கோபப்பட மாட்டார். ரபியிடம் கேள்வி கேட்பது அவர்களுக்குச் சங்கடம் இல்லை, பழக்கம்.

டீக்குப் போவோம். உங்கள் விளக்கின் வெளிச்சத்தில் உட்காரலாம் என்றால், நீங்கள் கொதிக்கவைத்த தண்ணீரில் ஏன் டீ குடிக்கக் கூடாது? தல்மூத் இதை யோசித்திருக்கிறது. ஒருவருக்கு ஏற்றிய விளக்கு நூறு பேருக்கும் விளக்குத்தான், கூடுதலாக ஒன்றும் செய்ய வேண்டாம். தண்ணீர் அப்படி இல்லை. தெரிந்தவருக்காக ஒரு குவளை சேர்த்து ஊற்றுவது மனித சுபாவம். நீங்களும் அவருக்காகத்தானே போட்டீர்கள்? அதனால்தான் தொடவில்லை. சபாத்தில் சமையல் கூடாது என்பதால், ஆசாரமான வீடுகளில் வெள்ளிக்கிழமையே ஒரு பெரிய மின் பாத்திரத்தில் வெந்நீர் போட்டு வைப்பார்கள், அது மறுநாள் முழுக்கச் சூடாகவே இருக்கும். மெஹாம் என்பார்கள், உங்கள் வீட்டிலும் மூலையில் இருக்கும். அதிலிருந்து உலர்ந்த ஒரு கிளாஸில் பிடியுங்கள். அங்கிருந்து இரண்டாவது கிளாஸுக்கு மாற்றுங்கள். பல வீடுகளில் மூன்றாவது கிளாஸுக்கும் மாற்றிய பிறகே டீப் பையைப் போடுவார்கள். சில வீடுகளில் வெள்ளிக்கிழமையே கடுஞ்சாயம் இறக்கி வைத்துவிட்டு இரண்டாவது கிளாஸில் கலப்பார்கள். கொதித்த பாத்திரத்திலும் அதிலிருந்து நேரே ஊற்றுவதிலும்தான் ‘சமைக்கும்’ சூடு உண்டு, கிளாஸ் மாற மாற அது போய்விடும் என்பது விளக்கம். நம் டீ மாஸ்டர் ஆற்றுவதைப் போலத்தான், நுரை மட்டும் வராது. உங்கள் வீட்டுக்கு எத்தனை கிளாஸ் என்று சாவ்தாவிடமே கேளுங்கள். ஆறிப்போன டீ வரும், அவர்களுக்கு அது பழகிவிட்டது.

இப்போது கஷ்டமான கேள்வி. தனி கிளாஸ்.

இதை நான் பூசி மெழுகப் போவதில்லை. அடுப்பு, மது இரண்டிலும் உள்ள சட்டங்கள் நிஜமாகவே யூதரையும் மற்றவரையும் தள்ளி நிறுத்தப் போட்ட சட்டங்கள்தான். மற்றவர்கள் தங்கள் தெய்வங்களுக்கு மதுவைப் படைப்பார்கள், அந்த மதுவாக இருந்துவிடக் கூடாது என்பது ஒரு காரணம். சேர்ந்து குடித்து, சேர்ந்து விருந்துண்டு, அது கல்யாணத்தில் போய் முடியும் என்பது இன்னொன்று. தல்மூத்தே அதை ஒளிவில்லாமல் சொல்கிறது.

ஆனால் நம் ஊர் டீக்கடை கிளாஸோடு இதைச் சேர்த்து வைக்க என்னால் முடியவில்லை. தீண்டாமை என்பது உங்கள் உடம்பைத் தொட்டால் தீட்டு என்பது. நீங்கள் தொட்ட தண்ணீர், உட்கார்ந்த திண்ணை, நடந்த தெரு எல்லாம் தீட்டு. இங்கே நீங்கள் சாவ்தாவைக் குளிப்பாட்டுகிறீர்கள், ஊட்டிவிடுகிறீர்கள், அவர் தட்டை எடுக்கிறீர்கள், அவர் கட்டிலில் உட்கார்ந்து தலை வாருகிறீர்கள். யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை. நீங்கள் ஊற்றிய ஆரஞ்சுச் சாற்றை அவர் குடிப்பார், நறுக்கிய தக்காளியைச் சாப்பிடுவார். சபாத்தை வெளிப்படையாக மீறுகிற யூதர் தொட்ட மதுவையும் பழைய சட்டம் இதே கண்ணோடுதான் பார்த்தது. சாதி அப்படி நடத்தையைப் பார்க்காது, பிறப்போடு ஒட்டியது. இதை வைத்து உங்களுக்கு வலிக்கவில்லை என்று ஆகிவிடாது. கண் முன்னால் சிங்கில் கொட்டினால் யாருக்கும் வலிக்கும். அதைப் பிறகு தனியாகச் செய்திருக்கலாம், அல்லது முன்னமே உங்களிடம் சொல்லியிருக்கலாம். மனிதரின் மானம் பெரிது, அதற்காக விலக்குகளே விலகி நிற்கும் என்று அவர்கள் தல்மூத்தில் ஒரு வாக்கு உண்டு, கவோத் ஹப்ரியோத் என்பார்கள். மகனிடம் நிதானமாகச் சொல்லுங்கள்: “விதி எனக்குத் தெரியாது, முதலிலேயே சொல்லியிருந்தால் தொட்டிருக்க மாட்டேன். அப்படிக் கொட்டியது எனக்கு அவமானமாக இருந்தது.” நான் ஒரு வீட்டில் இதையே சொன்னபோது அந்த அம்மா அழுதுவிட்டார். உங்கள் வீட்டில் அழ வேண்டாம், அடுத்த முறை முன்கூட்டிச் சொன்னால் போதும்.

தீர்வும் எளிது. சூடாக்கிக் கொதிக்கவைத்த மதுவுக்கு இந்த விதி கிடையாது. யாயின் மெவுஷால் என்று பாட்டிலில் போட்டிருக்கும். அதை யார் ஊற்றினாலும் குடிக்கலாம். இனி கிதுஷுக்கு (மதுக் கிண்ணத்தை வைத்துச் சொல்லும் சபாத், பண்டிகை ஜெபம்) அதையே வாங்கச் சொல்லுங்கள். எபிரேய எழுத்து படிக்க வராவிட்டால், அந்த வார்த்தையை மகனைப் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். (வெள்ளிக்கிழமை பகலிலேயே கேளுங்கள். சபாத்தில் பேனாவைக் கையில் எடுக்க மாட்டார்.) கொதிக்கவைக்காத மது என்றால் திறந்த பாட்டிலைத் தொடாமல் விட்டுவிடுங்கள். திராட்சைச் சாறும் மதுக் கணக்குத்தான்.

சூப்புக்கும் வழி இருக்கிறது. யூதரல்லாதவர் முழுக்க முழுக்கச் சமைத்ததைத்தான் சாப்பிட மாட்டார்கள். அதுவும் எல்லாப் பண்டமும் இல்லை: பச்சையாகச் சாப்பிடக் கூடியது விலக்கில் வராது, ராஜாவின் பந்தியில் வைக்கிற தரம் இல்லாததும் வராது. மற்றதற்கு, சமையலில் யூதரின் கை கொஞ்சம் பட்டால் போதும். எவ்வளவு கொஞ்சம் என்பதில்தான் குடும்பம் எந்த வழி என்று பார்க்க வேண்டும். போலந்து, ரஷ்யா பக்கத்திலிருந்து வந்த அஷ்கெனாசிகள் கிராகோவ் ரபி மோசே இசர்லெஸ் சொன்னபடி நடப்பார்கள். யூதர் அடுப்பைப் பற்றவைத்தால் சரி, மீதியை நீங்கள் செய்யலாம். மொராக்கோ, ஈராக் பக்கத்து செஃபார்டிகள் பலருக்குப் பாத்திரத்தையும் யூதரே அடுப்பில் ஏற்ற வேண்டும். உங்கள் சாவ்தா எந்தப் பக்கம் என்று கேளுங்கள். பிறகு சமையல் தொடங்கும்போது சக்கர நாற்காலியை அடுப்பு வரை தள்ளிக்கொண்டுபோய் அவரையே பற்றவைக்கச் சொல்லுங்கள். கை நடுங்கினால் மின் அடுப்பின் சுவிட்சைத் தட்டட்டும். என் கையில் இருந்த ஒரு பாட்டிக்கு அந்த ஒரு தட்டலில் முகமே மாறிவிடும். நாற்பது வருடம் அந்த அடுப்படியை ஆண்டவர் அல்லவா.

பாலும் இறைச்சியும் தனித்தனி என்பதை இதற்குள் பழகியிருப்பீர்கள். ஒன்று மட்டும். தவறு நடந்தால் மறைக்காதீர்கள். என் முதல் மாதத்தில், பால் காய்ச்சிய கரண்டியைக் கோழிக் குழம்புக்குள் விட்டுவிட்டேன். கழுவி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. சொல்லிவிட்டேன். அந்த வீட்டு மகள் ரபிக்குப் போன் போட்டார். குழம்பு எவ்வளவு, கரண்டி எவ்வளவு உள்ளே போனது, அந்தக் கரண்டியில் கடைசியாக எப்போது சூடான பால் தொட்டது என்று கேட்டார் அவர். அறுபது பங்கு அளவு, இருபத்து நான்கு மணி நேரம் என்றெல்லாம் அவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. குழம்பு பிழைத்தது. கரண்டியை வெந்நீரில் முக்கி எடுத்தார்கள். என்னை அவர்கள் நம்பத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் உங்களுக்கு நிறைய வேலை இருக்கும்; அது நன்றாக நடந்தால் சனிக்கிழமை சுகம். கழிப்பறைத் தாளைக் கிழிப்பதும் அவர்களுக்கு விலக்கு, கிழித்த தாள்கள் தயாரா பாருங்கள். ஃபிரிட்ஜுக்குள் எரியும் பல்பை அணைத்துவைக்க மறந்தால் மறுநாள் முழுக்க அவர்கள் அந்தக் கதவைத் திறக்க மாட்டார்கள், மதியச் சாப்பாடு உள்ளே இருக்கும். டயாப்பர், மருந்துப் பொட்டலங்களைப் பிரித்து வையுங்கள். சோப்புக் கட்டிக்குப் பதில் திரவ சோப்பு. காது கேட்கும் கருவிக்குப் புது பேட்டரி. விளக்குக்கும் ஏசிக்கும் நேரம் வைக்கிற சபாத் கடிகாரத்தை மகனே வைத்துவிடுவார், ஆனால் நள்ளிரவில் சாவ்தா பாத்ரூம் போகும் வழி விளக்கும் அதில் அணைந்துவிடுகிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அன்று அவர் விழுந்தது எந்த வெளிச்சத்தில் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நீங்கள் கேட்காத ஒன்று. இஸ்ரேலில் யூதரல்லாத தொழிலாளி வாராந்தர ஓய்வுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றில் தனக்கு ஏற்றதைக் கேட்கலாம். சனிக்கிழமை அவர்களுக்கு நீங்கள் தேவை, ஞாயிறு உங்களுக்கு ஆராதனை. இரண்டும் மோதவில்லை. பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மீன் குழம்பு. செதிலும் துடுப்பும் இருக்கும் மீன் கோஷர், ஆகவே மத்தி, அயிலை, ஜிலேபி மீன் எல்லாம் சரி. இறால், நண்டு, கணவாய், சுறா, கெளுத்தி அந்த வாசலையே தாண்டக் கூடாது. வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். செதில் தெரிய வேண்டும் என்பதால் தோல் உரித்த துண்டை வாங்காதீர்கள், முழு மீனாக வாங்குங்கள். மீனையும் இறைச்சியையும் சேர்த்துச் சமைக்க மாட்டார்கள், இறைச்சிப் பாத்திரம் பக்கம் போக வேண்டாம். மசாலாப் பொடியும் புளியும் ஊரிலிருந்து கொண்டுவந்ததா? கோஷர் முத்திரை இல்லாத பொட்டலத்தை ஆசாரமான வீடுகளில் சமையலறைக்குள் விட மாட்டார்கள். ஒரு சின்னச் சட்டி, ஒரு கரண்டி, ஒற்றை மின் அடுப்பு, மூன்றையும் உங்கள் பணத்தில் வாங்கி உங்கள் அறையில் வையுங்கள். மகனிடம் முதலில் கேட்டுவிட்டு. பெரும்பாலும் சரி என்பார். வாசனைக்கு சாவ்தா எட்டிப் பார்ப்பார், ஆசையாக இருந்தாலும் கொடுத்துவிடாதீர்கள். பஸ்கா வாரத்துக்கு முன்னால் உங்கள் அறையில் ரவை, சேமியா, பிஸ்கட் ஏதாவது இருந்தால் சொல்லிவிடுங்கள், புளிப்பில்லா அப்பம் தவிர கோதுமைப் பண்டம் எதுவும் அந்த வாரம் வீட்டில் அவர்கள் கண்ணில் படக் கூடாது. கருவாட்டைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்காதீர்கள். மேல்மாடிக்காரர்கள் கோஷரா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.